ஈர்ப்பு ஒளியின் அதிர்வெண்ணை மாற்றும் என்பதைப் பூமியிலேயே சோதித்திருக்கிறார்களா?

சோதித்திருக்கிறார்கள், அதுவும் ஒரு கட்டடத்துக்குள்ளேயே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெஃபர்சன் ஆய்வகக் கோபுரத்தில் பவுண்டு, ரெப்கா என்ற இரு இயற்பியலாளர்கள் செய்த சோதனை அது. முடிவு 1960இல் வெளியானது.

கோபுரத்தில் பயன்படுத்திய உயரம் 22.5 மீட்டர்தான். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின்படி அவ்வளவு தூரம் ஏறும் ஒளியின் அதிர்வெண் சுமார் நாலு கோடி கோடியில் ஒரு பங்கு குறையும். இதை எப்படி அளப்பது? இரும்பின் ஒரு வகையான இரும்பு-57இன் அணுக்கரு வெளிவிடும் காமாக் கதிரை (அதுவும் ஒளிதான், அதிர்வெண் மிக அதிகம்) இன்னொரு இரும்பு-57 உறிஞ்ச வேண்டுமானால், அதிர்வெண் மிகத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஈர்ப்பு அதிர்வெண்ணைச் சிறிது மாற்றினாலும் அந்தப் பொருத்தம் குலையும். அதனால் கதிர்மூலத்தை ஒரு ஒலிபெருக்கியின் கூம்பில் பொருத்தி மெல்ல அசைத்தார்கள். எந்த வேகத்தில் டாப்ளர் விளைவு (மூலம் நகர்வதால் வரும் அதிர்வெண் மாற்றம்) ஈர்ப்பின் மாற்றத்தை ஈடுகட்டுகிறது என்று பார்த்தார்கள். காற்று கதிரை விழுங்காமலிருக்க, வழிநெடுக ஹீலியம் நிரப்பிய பை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வெப்பநிலை. மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே கிட்டத்தட்ட அதே அளவு மாற்றம் வந்துவிடும். அதையும் கண்காணித்துத் திருத்தினார்கள். விடை கோட்பாட்டோடு சுமார் 10 சதவீதப் பிழைக்குள் பொருந்தியது. பின்னர் பவுண்டும் ஸ்னைடரும் அந்தப் பிழையை 1 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.