சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் தனிநபர் உடற்பயிற்சியாளராகத் தொழில் நடத்த முடியுமா?

பயிற்சியாளர் சான்றிதழ் பெற்ற நீங்கள், கோலாலம்பூருக்குப் போவதா, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சொந்த ஊரான சுங்கை சிப்புட்டிலேயே தொழில் தொடங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில், ஊரிலேயே தொடங்கலாம் என்பேன். ஆனால் தலைநகரத்து முறை இங்கே நிலைக்காது.

தலைநகரில் தனிப் பயிற்சிக்கு மணிக்கு 100 ரிங்கிட் வாங்குவது வழக்கம். இங்கே 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் பெறும் ஒருவர் வாரம் இருமுறை அந்தக் கட்டணத்தில் வந்தால், சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி உங்களுக்கே போய்விடும். ஆகவே பத்துப் பேர் கொண்ட குழுவாக, தாமான் (குடியிருப்பு) மண்டபத்திலோ அனுமதி பெற்றுத் தமிழ்ப்பள்ளித் திடலிலோ நடத்துங்கள். ஆளுக்கு மாதம் 70 ரிங்கிட் என்றால், நான்கு குழுக்களில் 2,800 ரிங்கிட் வரும். சம்பளம் போடும் வாரத்திலேயே கட்டணத்தை வாங்கிவிடுங்கள்.

உங்களிடம் வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் கட்டுடல் தேடும் இளைஞர்கள் அல்லர். இனிப்புநீர் (நீரிழிவு), இரத்த அழுத்தம், முழங்கால் வலி உள்ள நடுவயதினர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது; இந்தியர்களிடையே அது மிக அதிகம். இதை ஆழமாகப் படிக்காமல் இங்கே பயிற்சி அளிப்பது ஆபத்து. இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு உடற்பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும் என்பதால், தொடங்கும் முன் அளந்து பார்க்கச் சொல்லி, லிட்டருக்கு 5.0 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே இருந்தால் சிறிது மாவுச்சத்து கொடுத்து, ஏறிய பிறகே தொடங்குங்கள். கால் மரத்துப்போனவரை வெறுங்காலுடன் நடக்கவிடாதீர்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். மருந்தைக் குறைக்கும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள். இவர்களுக்கு நடையுடன், வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சியும் தேவை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே நல்ல தொடக்கம்.

செம்பனைக் குலை வெட்டுபவர் வந்தால் வேறு கணக்கு. நாள் முழுதும் பாரம் தூக்கியவருக்கு மேலும் பாரம் ஏற்றாமல், முதுகும் இடுப்பும் தோளும் தளர்ந்து அசையவும், நன்றாக உறங்கவும் வழி காட்டுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, சோற்றை விடச் சொன்னால் அடுத்த வாரம் ஆள் வரமாட்டார். சுகாதார அமைச்சு சொல்லும் கால், கால், அரை முறையே போதும்: தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். அதற்கும் முன்பாக, இனிப்பான கெட்டிப்பால் ஊற்றி ஆற்றும் தேநீரான தே தாரிக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். பலருக்குச் சர்க்கரை அங்கிருந்துதான் சேர்கிறது. புரதத்துக்கு விலை உயர்ந்த மாவு வேண்டியதில்லை. கெம்போங் மீன், முட்டை, தெம்பே (புளிக்கவைத்த சோயா), பருப்பு எல்லாம் சந்தையிலேயே கிடைக்கின்றன.

நேரடி விற்பனைக்காரர்கள் இளைக்கும் பானங்களுடன் உங்களைத் தேடி வருவார்கள், கமிஷனும் தருவார்கள். தயவுசெய்து மறுத்துவிடுங்கள். இச்சிற்றூரில் ஒருவரின் சிறுநீரகம் கெட்டால், அந்தப் பானத்தைக் கொடுத்தவர் யார் என்பது கோவில் திருவிழாவுக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

தொழிலைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவுக்குச் சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுதொழில்களுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனில், இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது என்றாலும், இரண்டு குழுக்களாவது நிலைக்கும்வரை கடன் வாங்கிக் கருவிகள் வாங்க வேண்டாம்; பாயும் இழுவைப் பட்டையும் சில கைப்பளுக்களும் இருந்தால் முதலாண்டை நடத்திவிடலாம்.