ஒயின் கூலர் வழக்கா? மனு எழுதுமுன் பாட்டிலை எண்ணுங்கள்

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் மனைவியுடன் வசிக்கிறேன். சென்ற ஆண்டு 58,000 ரூபாய்க்கு, 46 பாட்டில் கொள்ளும் ஒயின் கூலர் வாங்கினேன். கம்பெனி ஆளே வந்து மாடுலர் கிச்சன் அலமாரிக்குள் பொருத்தினார். மே மாதம் 12 டிகிரி வைத்தால் 26 காட்டியது. அப்புறம் கம்ப்ரசர் நின்றேபோனது. “காற்றோட்டம் இல்லை, கார்பன் ஃபில்டரும் மாற்றவில்லை, வாரண்டி செல்லாது” என்கிறார்கள். உள்ளே இருந்த 40 பாட்டிலும் வீண். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: கூலருக்குக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பாட்டில் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

தனியாக நிறுத்தும் வகைக் கூலர் பின்பக்கமாகச் சூட்டை வெளியேற்றும். அதை அலமாரிக்குள் அடைத்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடியே வீணாகும். உள்ளே பொருத்தவென்றே செய்த வகைக்கு முன்பக்கம் காற்றுவழி உண்டு. உங்களுடையது எது என்று மேனுவலில் பாருங்கள். முதல் வகை என்றால், “இங்கே வைக்கக் கூடாது” என்று சொல்லியிருக்க வேண்டியவர் பொருத்த வந்தவர்தான். அவருடைய இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட் கையில் இருந்தால் பாதி வழக்கு உங்கள் பக்கம்; 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. அவர் போன பிறகு உங்கள் கார்பென்டர் பலகை வைத்து அடைத்திருந்தால் கதை வேறு.

ஃபில்டர் சாக்கு வெறும் சாக்குதான். அது வாடையைப் பிடிப்பதற்கு. கம்ப்ரசர் சாவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூட்டை வெளியே தள்ளும் கன்டென்சரில் தூசி அடைத்திருந்தது என்றிருந்தால் பதில் சொல்ல யோசித்திருக்க வேண்டும்.

கம்பெனி வாய் திறக்காத ஒன்று இருக்கிறது: ஸ்டிக்கரில் உள்ள கிளைமேட் கிளாஸ். ‘என்’ (N) என்றால் அறை வெப்பம் 32 டிகிரி வரைதான் தாங்கும். ‘எஸ்டி’ (ST) 38 வரை, ‘டி’ (T) 43 வரை. தில்லியின் மே மாதம் எப்படி என்று கம்பெனிக்குத் தெரியாதா? ‘என்’ வகையை ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றிருந்தால் அதையும் மனுவில் சேருங்கள்.

வெளி மெக்கானிக்கைத் தொடவிடாதீர்கள். தேவைப்பட்டால் அதே சட்டத்தின் பிரிவு 38இன் கீழ் நுகர்வோர் ஆணையமே கூலரை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஒருமுறை பிரித்த பொருளை வைத்து எதையும் நிரூபிப்பது கடினம். பில், ஜாப் ஷீட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். மசியவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இனி பாட்டில்கள். தில்லி கலால் விதிப்படி 25 வயது நிரம்பிய ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஒயின் 18 லிட்டர் வரைதான்; பீரும் அந்தக் கணக்கிலேயே வரும். அதாவது 750 மில்லி பாட்டில் 24. “என்னுடைய 40 பாட்டில்” என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதினால் 30 லிட்டர் வைத்திருந்ததாக நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள்! மனைவிக்கும் 25 நிரம்பியிருந்தால் இருவருக்குமாக 36 லிட்டர். 25 வயது கடந்த ஆறு பேர் இருந்த ஒரு வீட்டில் 132 பாட்டில் பிடிபட்ட வழக்கில், தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் தில்லி உயர் நீதிமன்றம் 2022இல் எஃப்ஐஆரை ரத்து செய்தது. ஆகவே இருவரும் சேர்ந்து மனு போடுங்கள். யாருடையவை எத்தனை என்று எழுதுங்கள்.

அதற்காக நாற்பதுக்கும் பணம் கேட்க வேண்டாம். சில வாரம் 26 டிகிரியில் இருந்தாலே ஒயின் கெட்டுவிட்டது என்று ஆணையம் ஏற்காது. கார்க் வெளியே தள்ளிக் கசிந்தவற்றைப் படம் எடுத்து, அவற்றில் தில்லிக் கடை பில் உள்ளவற்றை மட்டும் கேளுங்கள். பக்கத்து ஹரியானாவின் குருகிராமில் மலிவு என்று வாங்கி வந்தவை இருந்தால் மனுவில் சேர்க்காதீர்கள். வெளி மாநிலச் சரக்குக்கு வரம்பு தனி, அது மிகக் குறைவு.