எடை குறைக்க வைட்டமின் ஊசி: மீதிப் பணத்தைக் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது, எடை 79 கிலோ. எங்கள் பகுதியில் உள்ள ஒரு ஸ்லிம்மிங் சென்டரில், வாரம் ஒரு வைட்டமின் ஊசி என்று 10 வாரத்துக்கு 18,000 ரூபாய் பேக்கேஜ் சொல்கிறார்கள். பி12-உடன் கொழுப்பைக் கரைக்கும் மருந்தும் சேர்ந்த சிவப்பு ஊசியாம். போட்ட அன்று சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் கொழுப்பு கரைகிறது என்று அர்த்தமாம். 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டேன், ரசீது தரவில்லை. இன்னும் ஊசி போடவில்லை. மீதியைக் கட்டலாமா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடும் என் அம்மாவுக்கும் டாக்டர் பி12 ஊசி எழுதியிருக்கிறார். அதுவும் இதே கதைதானா?
– வாசகி, திருச்சி

பதில்: மீதியைக் கட்டாதீர்கள். அம்மாவின் ஊசியை நிறுத்தாதீர்கள். இரண்டும் ஒரே மருந்தாக இருக்கலாம், ஆனால் போடும் காரணம் வேறு.

பி12-க்கு உடம்பில் முக்கியமான வேலை உண்டு. ரத்த அணுக்கள் உருவாகவும் நரம்புகள் நன்றாக இருக்கவும் அது வேண்டும். ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஊசியில் இருப்பதோ 1,000, 1,500 மைக்ரோகிராம். குறைபாடு உள்ளவருக்கு அது உயிர்நாடி, சோர்வு போய்த் தெம்பு வரும். குறைபாடே இல்லாதவருக்குப் போட்டால் கல்லீரல் கொஞ்சம் சேமித்துக்கொள்ளும், பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். கொழுப்பு அதனால் கரைவதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் எடை குறைப்புக்கென்று பி12 ஊசியை அனுமதிக்கவில்லை. ‘கொழுப்பைக் கரைக்கும் மருந்து’ என்று கூடச் சேர்ப்பது வழக்கமாக மெத்தியோனின், இனோசிட்டால், கோலின். முட்டை, மீன், பருப்பு, தானியங்களில் இவை இருக்கின்றன. ஊசியாகப் போட்டால் எடை குறையும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் கிடையாது.

அந்தச் சிவப்பு நிறமும் தனி மருந்து எதனாலும் வருவதல்ல. பி12-இன் நிறமே அதுதான், நடுவில் கோபால்ட் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பழுப்புக் கண்ணாடி ஆம்பூலில், அதாவது மூடி முத்திரையிட்ட சின்ன மருந்துக் குப்பியில் வரும். உடைக்கும் முன் கையில் வாங்கி லேபிளைப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. மருந்தின் பெயரோடு எம்.ஆர்.பி.யும் தெரிந்துவிடும், வாரம் 1,800 ரூபாய் எதற்கு என்று அப்போது கேளுங்கள். சிறுநீர் மஞ்சளாவது ரிபோஃபிளேவின் என்ற பி2-ஆல், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டாலே அப்படித்தான் போகும். உடம்பில் கொழுப்பு எரிந்தால் அதன் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது.

‘எங்களிடம் வந்தவர்கள் ஐந்து கிலோ குறைந்தார்களே’ என்பார்கள். குறைந்திருக்கலாம். ஊசியோடு கையில் ஒரு தாளும் கொடுப்பார்கள், அதை வாங்கிப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, நிறையக் காய், ராத்திரி சூப், சர்க்கரை கிடையாது, தினமும் முக்கால் மணி நேர நடை. இப்படிச் சாப்பிட்டால் யாருக்கும் எடை இறங்கும். முதல் வாரத்தில் இறங்குவதில் தண்ணீரே அதிகம். தாள் செய்த வேலைக்கு ஊசி பெயர் வாங்கிக்கொள்கிறது, எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இன்னொரு எச்சரிக்கை. பி12 மிஞ்சினால் பெரும்பாலும் வெளியேறிவிடும், டி வைட்டமின் அப்படியல்ல. 6 லட்சம் யூனிட் டி ஊசியை ரத்தம் பார்க்காமல் அடிக்கடி போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ‘சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்றால் கையை நீட்டாதீர்கள்.

எடையைக் குறைக்கும் ஊசிகள் இருப்பது உண்மைதான், ஆனால் அவை வைட்டமின் அல்ல. செமாக்ளூடைட், 2025-இல் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்த டிர்ஸெபடைட் போன்றவை பசியைக் குறைப்பவை. செமாக்ளூடைட் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. பக்கவிளைவுகளும் உண்டு, மருத்துவர் சீட்டும் கண்காணிப்பும் கட்டாயம் வேண்டும்.

அம்மா விஷயம்: மெட்ஃபார்மின் நாள்பட எடுத்தால் உணவிலிருந்து பி12 சேர்வது குறையும். கால் மரத்துப்போவது, நாக்கு எரிச்சல், ஓயாத சோர்வு எல்லாம் அதனால் வரலாம். அவருக்கு டாக்டர் எழுதியது நியாயமான ஊசி. உங்களுக்கும் அசதி இருந்தால் முதலில் ரத்தத்தில் பி12 பாருங்கள். ஊசிக்கு முன்பே பார்க்க வேண்டும், போட்டபின் பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும்.

அப்புறம் அந்த 5,000. ரசீதும், ஊசியில் என்னென்ன எத்தனை அளவு என்ற விவரமும், பணத்தைத் திருப்பித் தரும்படியும் வாட்ஸ்அப்பிலோ பதிவுத் தபாலிலோ எழுத்தாகக் கேளுங்கள். ஜிபேயில் கட்டியிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொள்ளுங்கள். பில் தராததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். விளம்பர நோட்டீஸ் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். உடல் பருமனைப் போக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நீங்களே மனு கொடுக்கலாம்.