கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பெண் சாரணியர் படையில் சேரலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம்: மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் சாரணியர் படை தொடங்குகிறார்கள், சேர ஆசைப்படுகிறாள். பெற்றோர் இருவரும் கடவுள் மறுப்பாளர்கள். உறுதிமொழியில் "கடவுளுக்கு என் கடமை" என்று வருகிறது, முகாமில் பிரார்த்தனையும் உண்டு. அதனால் தயங்குகிறார்கள். "மதத்தைக் கலந்து ஒழுக்கம் கற்பிக்கும் ஓர் இயக்கம் அறிவியல் காலத்துக்குப் பொருந்துமா?" என்றும் கேட்டிருக்கிறார்.

சேர்த்துவிடுங்கள். நான் தென்காசிப் பக்கத்தில் அறிவியல் ஆசிரியை. பல ஆண்டுகளாகக் கைடு கேப்டனாகவும், அதாவது சாரணியர் படையை நடத்தும் பொறுப்பாளராகவும், இருக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள், கடவுளை மனதார நம்புகிறவள். அப்படிப்பட்ட நான்தான் இதையும் சொல்கிறேன்: தான் நம்பாத ஒன்றை உங்கள் மகள் உறுதிமொழியாகச் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் உறுதிமொழி என்ன சொல்கிறது என்றால், கடவுளுக்கும் நாட்டுக்கும் என் கடமையைச் செய்யவும், பிறருக்கு உதவவும், சாரணியர் சட்டத்துக்குக் கீழ்ப்படியவும் என்னால் இயன்றதை எல்லாம் செய்வேன் என்கிறது. விரும்பினால் "கடவுள்" என்ற இடத்தில் "தர்மம்" என்று சொல்லிக்கொள்ளலாம் என்று விதிநூலிலேயே உறுதிமொழியின் கீழ் ஒரு குறிப்பு இருக்கிறது. பல பள்ளிகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஸ்கார்ஃப் கட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் கடுமையான வருத்தம் உண்டு. சாரணியர் சட்டத்தின் முதல் விதியே நம்பகத்தன்மை. அவள் சொல்லை மற்றவர்கள் நம்பலாம் என்பதுதான் அதன் பொருள். மனம் ஒப்பாத வாக்கைத் தந்துவிட்டு ஒரு சிறுமி அந்தச் சட்டத்துக்குள் நுழைந்தால், நுழைவாயிலிலேயே அதை மீறவைத்த பொறுப்பு பெரியவர்களாகிய எங்களுடையது. நம்முடைய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை, பதவியேற்கும் அமைச்சர்களுக்குக்கூடக் கடவுளின் பெயரால் ஆணையிடவும் உளமார உறுதிகூறவும் இரண்டு வழிகளைத் திறந்துவைத்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லையா என்ன?

உறுதிமொழியின் சொற்கள் வானத்திலிருந்து இறங்கியவையும் அல்ல. தொடக்கத்தில் கடவுளோடு பிரிட்டிஷ் மன்னரும் அதில் இருந்தார். இந்தியாவுக்கு இந்த இயக்கம் 1909-இல் பெங்களூரில் வந்தபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்காக 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் தனி அமைப்பு தொடங்கினார். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர் சங்கத்தை உருவாக்கினார்கள். பல சங்கங்களாகப் பிரிந்துகிடந்தவை 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாயின. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல் பெண்களின் சங்கமும் வந்து சேர்ந்தது. மன்னர் போய் நாடு வந்தது. பிரிட்டனில் பெண்களுக்கான சாரணியர் இயக்கம் 2013-இல் கடவுளைக் குறிக்கும் வரியை எடுத்துவிட்டு, எனக்கு நான் உண்மையாக இருப்பேன், என் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வேன் என்ற வரியை வைத்தது. பிரான்சில் எந்த மதத்தையும் சாராத சாரணர் அமைப்பு 1911 முதலே இயங்குகிறது.

நிறுவனர் ராபர்ட் பேடன் பவலின் வீட்டுக் கதை உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. அவருடைய தந்தை, பேடன் பவல் என்ற பாதிரியார், ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராகவும் இருந்தவர். டார்வினின் பரிணாமக் கொள்கை 1859 இறுதியில் வெளிவந்து தேவாலயங்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது, அங்கி அணிந்த அந்த மனிதர் அச்சில் டார்வினைப் பாராட்டினார். இயற்கையின் ஒழுங்கு கடவுளின் ஒழுங்கு என்றால், அதை உடைக்கும் அற்புதங்களை விசுவாசத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது சரியாகாது என்று வாதிட்டார். 1860 ஜூனில் அவர் இறந்தபோது ராபர்ட்டுக்கு வயது மூன்று. மகன் பின்னாளில் 1907-இல் பிரவுன்சீ தீவில் ஏறக்குறைய இருபது சிறுவர்களோடு முதல் முகாம் நடத்தினார். இலையையும் தடத்தையும் நட்சத்திரத்தையும் கூர்ந்து பார்க்கச் சொன்னார். இயற்கையைக் கவனிப்பதே இறைவனிடம் போகும் வழி என்றும் நம்பினார். அப்பாவின் சாயல் அதில் எனக்குத் தெரிகிறது.

அதற்காக அவர் சொன்னதை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவனால் பெரிய பயன் இல்லை என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். அது தவறு என்று நினைக்கிறேன். கோயில் வாசலையே மிதிக்காத நேர்மையாளர்களோடு ஒரே ஊரில் வாழ்ந்துகொண்டு, அந்த வரியை என்னால் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியாது. வளரும் சிறுவர்களின் உடலைப் பற்றி 1908-இல் அவர் அச்சமூட்டி எழுதியவற்றையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, யாரும் அழைக்காமலேயே சிறுமிகள் சீருடையோடு வந்து நின்றார்கள். அவர்கள் வந்து நின்றதால்தான் மறு ஆண்டு சாரணியர் இயக்கம் பிறந்தது. அந்தச் சிறுமிகளிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இனி படையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். முடிச்சுகள், கொடி, கைத்தட்டல்கள் இவற்றை விட்டுவிடுகிறேன், அவற்றை எங்கும் படிக்கலாம். டிசம்பர் முகாமில் இரவு பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி வடக்கைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள் என்று புத்தகம் சொல்லும். அது இங்கிலாந்து வானத்துக்கு எளிது. லண்டனில் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 51 பாகைக்கு மேலே நிற்கும். ஓர் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அது தெரியும் என்பதால், தென்காசியில் வெறும் 9 பாகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை, எனவே ஒரு பனைவரிசை போதும், நட்சத்திரம் மறைந்துவிடும். வழிகாட்டும் சப்தரிஷி மண்டலமும் அந்த மாத முன்னிரவில் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். ஆகவே வடவானில் இருக்கும் காசியோபியா என்ற நட்சத்திரக் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும், அல்லது வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் கூட்டம் எழும்போது அதன் இடுப்புப் பட்டையின் மூன்று நட்சத்திரங்களைப் பார்த்துக் கிழக்கைக் குறிக்க வேண்டும், ஏனெனில் அவை ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுகின்றன. புத்தகத்தில் இருப்பதைத் தன் தலைக்கு மேலுள்ள வானத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

யாராவது ஒருத்தி துருவன் தவம் செய்து அசையாத இடம் பெற்ற கதையைச் சொல்வாள். முழுதாகச் சொல்லவிடுவேன். பிறகு, பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருவதையும், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் துபான் என்ற வேறொரு நட்சத்திரம் அந்த இடத்தில் இருந்ததையும் சொல்வேன். கதை கேட்ட பிள்ளையின் முகம் வாடியதில்லை. கேள்விகள்தான் கூடும்.

ஆனால் மதமும் அறிவியலும் அறமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்திக்கும் இடம் முதலுதவிப் பாடம், குறிப்பாகப் பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. பெரும்பாலும் நம்மைப் போன்ற கிராமத்து மக்கள். எங்கள் பக்கத்தில் கடிபட்டவரை முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நான் கற்பிப்பது இதுதான்: கடிவாயைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். காலையில் வயிற்றுவலி, இமை தொங்குவது என்று தொடங்கும்போதுதான் புரியும். அந்த மருந்துக்கான விஷத்தைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது என்று சொல்லும்போது, இருளர்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த இழிசொற்களும் கொஞ்சம் உதிர்கின்றன.

ஒருமுறை ஒரு சிறுமி எழுந்து, "எங்கள் ஆச்சி மந்திரித்துப் பலர் பிழைத்திருக்கிறார்களே டீச்சர், அது பொய்யா?" என்று கேட்டாள். பிழைத்தது பொய்யில்லை என்றேன். கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பும் சில நேரங்களில் விஷத்தை இறக்காமல் கடித்துவிடும். அப்படிக் கடிபட்டவர்கள் மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். விஷம் ஏறியவருக்குத்தான் நேரம் உயிர். "ஆச்சியின் அக்கறையை நீ குறை சொல்ல வேண்டாம். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, போகும் வழியெல்லாம் ஆச்சி மந்திரித்துக்கொண்டே வரட்டும்" என்றேன். நம்பிக்கையை அவமதிக்காமல் உயிரைக் காக்கும் வழி ஒன்று இருக்கும்போது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராமல் நாத்திகமா ஆத்திகமா என்று நாம் வாதாடிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒழுக்கத்தைப் பற்றியும் கேட்டீர்கள். ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி, அதற்குப் பதின்மூன்று வயதுத் தலைவி ஒருத்தி. அரிசி அளப்பது, அடுப்பு மூட்டுவது, குழி வெட்டுவது, கடைசியாகச் சாப்பிடுவது எல்லாம் அவள் முறைவைத்துப் பிரிக்க வேண்டும். மூன்றாம் விதி, எல்லோருக்கும் தோழி, ஒவ்வொரு சாரணியருக்கும் சகோதரி என்கிறது. நம் ஊரில் இந்த விதிக்கு உண்மையான சோதனை ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சேர்ந்து உண்பது. வீட்டிலிருந்து தனிச் சோறு கொடுத்தனுப்பக் கேட்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். உடல்நலக் காரணம் அன்றி வேறெதற்கும் நான் அனுமதிப்பதில்லை. கடவுளை வணங்கும் வீடுகளிலிருந்தும் அந்தக் கோரிக்கை வந்திருக்கிறது, பகுத்தறிவு பேசும் வீடுகளிலிருந்தும் வந்திருக்கிறது.

அமெரிக்காவின் சாரணர் அமைப்பு, கடவுளை ஏற்காத சிறுவர்களை விலக்கும் உரிமைக்காக நீதிமன்றம்வரை போனது. 1998-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. அதே அமைப்பு 2020-இல் திவால் பாதுகாப்பு கேட்டபோது, சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினார்கள். உறுதிமொழியில் கடவுளைக் காத்தவர்கள் பிள்ளைகளைக் காக்கவில்லை. ஆகவே மகளைச் சேர்க்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் பிரார்த்தனையைப் பற்றியவை அல்ல. இரவு முகாமில் பெண் ஆசிரியைகள் எத்தனை பேர் தங்குவார்கள்? எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்காதபடி ஏற்பாடு உண்டா? வீட்டுக்குப் போன் செய்ய எப்போதும் அனுமதி உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத முகாமுக்கு அனுப்பாதீர்கள்.

பிரார்த்தனை உண்டு, மறைக்கவில்லை. இறைவணக்கப் பாடலும், முகாம்களில் எல்லா மதப் பிரார்த்தனைகளும் நடக்கும். உங்கள் மகள் மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் அமைதியாக நிற்கலாம். என் படையில் அப்படி ஒரு பெண் இருந்தாள். அவளுடைய முறை வந்தபோது அரசியலமைப்பின் முகப்புரையைத் தமிழில் வாசித்தாள், எல்லோரும் எழுந்து நின்று கேட்டோம்.

உறுதிமொழி ஏற்கும் பிரவேஷ் நிகழ்ச்சிக்கு முன்பே ஆசிரியையைச் சந்தித்து, மாற்றுச் சொல்லைப் பயன்படுத்த விரும்புவதாகச் சொல்லுங்கள். அந்தச் சொல்லும் உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் அதையும் வெளிப்படையாகப் பேசுங்கள். மறுத்தால் விதிநூலின் குறிப்பைக் காட்டுங்கள், தேவைப்பட்டால் மாவட்டப் பயிற்சி ஆணையரிடம் எடுத்துச்செல்லுங்கள். ஆனால் இதை எல்லாம் முடிவு செய்வதற்கு முன் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் எதைச் சொல்ல விரும்புகிறாள் என்று கேளுங்கள். உறுதிமொழி எடுக்கப்போகிறவள் அவள்.