கிரீட் தீவுக்குப் போக வளையலை அடகு வைக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஜனவரியில் கிரேக்கத்தின் கிரீட் தீவுக்கு 12 நாள் போக ஆசைப்படுகிறோம். கூட்டமில்லாத கடற்கரைகளில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். பேக்கேஜ் 6 லட்சம் என்கிறார்கள். அதற்குள் கையில் 3 லட்சம் சேர்ந்துவிடும். மாதம் 20,000 மிச்சம் பிடிக்கிறோம். மீதிக்கு 14 சதவீதத்தில் தனிநபர் கடன் வாங்குவதா, என் வளையல்களை அடகு வைப்பதா, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபியைக் கொஞ்ச நாள் நிறுத்துவதா? (வாசகி, திருச்சி)

பதில்: மூன்றும் வேண்டாம். 3 லட்சத்தை 14 சதவீதத்தில் 24 மாதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 14,400, மொத்த வட்டி 45,700 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது. நகைக் கடனில் வட்டி குறைவுதான், ஆனால் வருடக் கடைசியில் அசலை மொத்தமாகக் கட்ட முடியாமல் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டே போகிற வீடுகள் எத்தனையோ.

நியாயமாக நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இந்தப் பயணத்துக்கு 6 லட்சம் எதற்கு என்பதைத்தான். கிரீட்டில் பல கடற்கரை ஓட்டல்கள் நவம்பரிலேயே மூடிவிட்டு வசந்தத்தில்தான் திறக்கும், கிசாமோஸ் ஊரிலிருந்து பாலோஸ் கடற்கரைக்குப் போகும் சுற்றுலாப் படகு ஓடாது, சமாரியா பள்ளத்தாக்கை ஏப்ரல் கடைசி வரை பூட்டித்தான் வைத்திருப்பார்கள். அப்படியிருக்க பேக்கேஜ்காரர் எதைக் காட்டப்போகிறார்? உங்களுக்கு வேண்டியது வெறும் மணலும் காற்றும், அது இலவசம். வருடம் முழுக்க உயிரோடு இருக்கும் ஹானியா நகரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சின்னக் கார் ஒன்றை 5 நாள் வாடகைக்கு எடுத்தால் ஃபலாசர்னா, எலாஃபோனிசி என்ற இரண்டு கடற்கரைகளையும் ஆளில்லாமல் பார்க்கலாம். சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள், அங்கே கடைகள் மூடியிருக்கும்.

இப்போது என் கணக்கு. சரியான விலை இல்லை, ஒதுக்க வேண்டிய தொகை. சென்னையிலிருந்து ஏதென்ஸ் போய்வர இருவருக்கு 1,40,000. விசா, அதன் சேவைக் கட்டணம், காப்பீடு எல்லாம் 30,000. இதில் ஷெங்கன் விசாவே (கிரேக்கம் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) ஆளுக்கு 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அறை 9 இரவுக்கு 450 யூரோ. மீதி 2 இரவு ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஹானியா போய்வரும் இராத்திரிக் கப்பலில் கழியும், அதற்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து 350. சாப்பாடு 540, கார் 150, பெட்ரோல் 80. ஆக 1,570 யூரோ. யூரோவை 110 ரூபாய் என்று வைத்தால் 1,72,700. மொத்தம் 3,42,700 ரூபாய்.

துண்டு விழுவது 42,700. அதாவது கடன் வாங்கினால் நீங்கள் கட்டப்போகும் வட்டியைவிடக் குறைவு!

அதற்கும் கடன் தேவையில்லை. பயணத்தை மார்ச் முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள், இரண்டு மாதச் சேமிப்பு 40,000 வந்துவிடும், மீதி 2,700 ரூபாயைச் செலவில் சுருக்கிக்கொள்ளலாம். கிரீட்டில் டிசம்பரும் ஜனவரியும்தான் நல்ல மழைக்காலம். மார்ச்சில் மழை குறையத் தொடங்கும், வெள்ளை மலைகளில் பனி இன்னும் இருக்கும், காட்டுப்பூக்களும் வந்துவிடும், கூட்டமோ சீசன் தொடங்கும் வரை எட்டிப் பார்க்காது. குளிக்கத்தான் நடுங்கும், கடல் அப்போதும் 16 டிகிரி சுற்றித்தான்.

இன்னொன்று, கடன் பணம் திடீரென்று வங்கிக் கணக்கில் வந்து விழுந்திருந்தால் விசா அதிகாரிக்கு அது உறுத்தும். மாதாமாதம் சேர்ந்த பணம் அப்படி உறுத்தாது. விசா கைக்கு வரும் முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் வரியும் (விற்பவரே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் முன்வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம்தான், ஆனாலும் அதுவரை பணம் முடங்கும். டிக்கெட்டையும் அறையையும் நீங்களே தனித்தனியாகப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள், வாடகை நிறுவனம் கிரெடிட் கார்டில் முடக்கும் வைப்புத்தொகைக்கு வரம்பில் இடம் விட்டு வையுங்கள். பாலோஸுக்குப் போகிற மண் சாலையில் மட்டும் அந்தக் காரை ஏற்ற வேண்டாம். டயரும் அடிப்பாகமும் அடிபட்டால் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் கைவிரித்துவிடும், செலவு உங்கள் தலையில். அப்புறம், கடைகளில் கார்டு தேய்க்கும்போது யூரோவா ரூபாயா என்று மெஷின் கேட்டால் யூரோவையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விலைதான்.

எஸ்ஐபி அது பாட்டுக்குப் போகட்டும். பேக்கேஜுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரத்து விதிகளை இன்றே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பயணத் தேதி நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும்.