கராஜில் எட்டு மாதம் இருந்த ஐ.பி.ஏ.

கேள்வி: சாக்ரமென்டோவில் வசிக்கிறேன். சென்னையிலிருந்து நண்பர் வரும்போது திறக்கலாம் என்று சென்ற டிசம்பரில் சில பீர்கள், அதாவது ஒரு டபுள் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல் என்ற கசப்பும் மணமும் மிகுந்த பீரின் இன்னும் வலுவான வகை) ஆறு பாட்டில், ஹேஸி ஐ.பி.ஏ. (அதன் கலங்கலான வகை) நான்கு கேன், சியெரா நெவாடா ஆலையின் பிக்ஃபுட் இரண்டு பாட்டில் வாங்கி, கராஜ் அலமாரியில் வெளிச்சம் படாமல் அடுக்கி வைத்தேன். வைன் போல நாளாக ஆகச் சிறக்கும் என்ற எண்ணம். ஆகஸ்டில் நண்பர் வந்தார். டபுள் ஐ.பி.ஏ.வில் பழ மணமே இல்லை. ஜாம் போலத் தித்தித்தது, பிறகு நாக்கில் ஒரு முரட்டுக் கசப்பு ஒட்டிக்கொண்டது. ஹேஸி சாம்பல் கலந்த பழுப்பாகிவிட்டது. பிக்ஃபுட்டை இன்னும் திறக்கவில்லை. இவை கெட்டுவிட்டனவா? குடித்ததால் ஆபத்து உண்டா? மிச்சத்தை என்ன செய்வது?

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். குடித்ததால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆல்கஹால், புளிப்புப் பக்கம் சாய்ந்த பி.எச். அளவு, கார்பன் டை ஆக்சைடு, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்து, நோய் தரும் கிருமிகளைப் பீருக்குள் வளரவிடுவதில்லை. கெட்டது சுவை மட்டும்தான். ஆனால் சுவைக்காகத்தானே அவ்வளவு விலை கொடுத்தீர்கள்!

தவறு வைனோடு ஒப்பிட்டதில் தொடங்குகிறது. ஆவக்காய் ஊறுகாய் நாளாக ஆக ஊறிச் சிறக்கும். ரசத்தை இறக்கும்போது கிள்ளிப்போட்ட கொத்தமல்லி மறுநாள் காலையில் என்ன கதியில் இருக்கும்? உங்கள் ஐ.பி.ஏ. அந்த ரசத்தின் இனம். இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. அது தயாராகும் முறையே ஏறக்குறைய அப்படித்தான்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. அதன் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடி போல லுபுலின் ஒட்டியிருக்கும். கசப்புக்கான ஆல்ஃபா அமிலங்களும் மணத்துக்கான எண்ணெய்களும் அதற்குள்தான் இருக்கின்றன. மால்ட் என்ற முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாறு கொதிக்கும்போது போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும். கொதியில் ஆல்ஃபா அமிலம் ஐசோ ஆல்ஃபா அமிலமாக உருமாறிக் கரைந்துவிடும். எண்ணெய்களில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். அதனால் மணத்துக்காக, நொதித்தல் முடியும் தறுவாயிலோ முடிந்த பிறகோ, கொதிக்காத பீரில் மறுபடியும் ஹாப்ஸைக் கொட்டுவார்கள். இதற்கு டிரை ஹாப்பிங் என்று பெயர். நம் சமையலறைக் கணக்கில், கடைசியில் போடும் கொத்தமல்லி.

அந்த எண்ணெய்களில் உள்ளவை நமக்கு அந்நியமானவையும் அல்ல. மாம்பழத்தில் இருக்கும் மிர்சீன், மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் காரியோஃபிலீன், தனியாவின் மணத்துக்கு முதற்காரணமான லினலூல் ஆகிய எல்லாம் ஹாப்ஸிலும் உண்டு. மிகக் குறைந்த அளவிலேயே மூக்கை எட்டும் சில தயோல்களும், அதாவது கந்தகம் சேர்ந்த மணப்பொருள்களும், உண்டு. கிரேப்ஃப்ரூட், பேஷன் பழ வாசனைகளில் பெரும்பங்கு அவற்றுடையது. இவை எல்லாம் ஒரே வேகத்தில் மறைவதில்லை. மிர்சீனும் காரியோஃபிலீனும் பாட்டில் மூடியின் உட்புறத்தில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். மணம் எங்கும் ஓடிப்போகவில்லை, மூடியில் சிக்கிக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம். தயோல்கள் ஆக்சிஜனிடம் சீக்கிரம் தோற்றுவிடும். லினலூல் மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எனவே பழைய ஐ.பி.ஏ.வில் பழக்கூடை காலியாகி, பூ வாசனையின் ஒரு மெல்லிய இழை மட்டும் மிஞ்சியிருப்பதைச் சில நேரம் உணரலாம்.

ஜாம் போலத் தித்தித்தது என்கிறீர்கள். துல்லியமான நாக்கு! சர்க்கரை ஒன்றும் கூடிவிடவில்லை. மணமும் கூரான கசப்பும் விலகியதும், பின்னால் நின்ற மால்ட் முன்னுக்கு வந்துவிட்டது. அதோடு, பீர் பழசாகும்போது புதிதாகச் சில வாசனைகளும் பிறக்கின்றன. வேகவைத்த பழத்தை நினைவூட்டும் பீட்டா டமாஸ்செனோன், தேன் வாசனை தரும் ஃபினைல் அசிட்டால்டிஹைடு, அவித்த உருளைக்கிழங்கை நினைவூட்டும் மெத்தியோனல் முதலியவை. கேரமல் நிற மால்ட் நிறையப் போட்ட ஐ.பி.ஏ.க்களில் இந்தத் தித்திப்பு இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். டால்கிலீஷ் என்பவர் 1977-இல் பீர் பழசாவதை ஒரே வரைபடமாக வரைந்தார்: கசப்பு சீராக இறங்கும், கறுப்புத் திராட்சைச் செடியின் இலையை ஒத்த ஒரு வாடை சட்டென்று எழுந்து அடங்கும், தித்திப்பு ஏறும், அட்டைப்பெட்டி வாசனை தாமதமாக வரும். எல்லாப் பீருக்கும் அது அப்படியே பொருந்தாது. ஆனால் நீங்கள் திறந்த பாட்டில் அந்த வரைபடத்தின் நடுப்பகுதியில் எங்கோ நிற்கிறது.

அட்டைப்பெட்டி வாசனைக்குக் காரணம் டிரான்ஸ் 2 நோனெனல் என்ற சேர்மம். ஒரு லிட்டரில் 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். பீர் பழசாகிவிட்டதா என்றால் எல்லோரும் இதைத்தான் தேடுகிறார்கள். ஹாப்ஸ் மிகுந்த பீரில் அதைத் தேடிக்கொண்டிருப்பது வீண் என்பது என் கருத்து. அதற்கு வெகு முன்பே மணம் மௌனமாகிவிடும். அந்த மௌனம்தான் முதல் அடையாளம்.

முரட்டுக் கசப்புக்கு வருவோம். கசப்பு குறைய வேண்டியதுதானே, ஏன் ஒட்டிக்கொள்கிறது? ஐசோ ஆல்ஃபா அமிலங்களில் சிஸ், டிரான்ஸ் என்று இரு வடிவங்கள் உண்டு. மூன்றில் இரண்டு பங்குக்குச் சிஸ், மீதி டிரான்ஸ். டிரான்ஸ் வடிவம் வெகு சீக்கிரம் சிதையும். ஆய்வகங்களில் இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தே பீரின் வயதை மதிப்பிடுவதுண்டு. சிதைந்து பிறக்கும் பொருள்கள் சிலவற்றின் கசப்பு முன்புபோல் பளிச்சென்று வந்து போவதில்லை, தொண்டைவரை இழுபடும். அளவில் குறைந்து குணத்தில் மோசமான கசப்பு என்று இதைச் சொல்லலாம்.

இவ்வளவுக்கும் எட்டு மாதம்தான் காரணமா? காலத்தைவிடக் கராஜைத்தான் நான் குற்றம் சொல்வேன். பீர் காய்ச்சுபவர்களிடையே 3-30-300 என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: மூன்றும் பீருக்கு ஒரே அளவு முதுமை. அறிவியல் சூத்திரம் அல்ல, கைமதிப்புத்தான். ஆனால் சாக்ரமென்டோ கோடையில் 35 டிகிரியைத் தாண்டும் நாள்கள் சாதாரணம். மூடிய கராஜுக்குள் சூடு இரவிலும் இறங்க நேரமாகும். அந்தக் கைமதிப்புப்படி, ஜூலை மாதம் ஒன்றே உங்கள் பாட்டில்களுக்குக் குளிர்ப்பெட்டியில் பல ஆண்டு கழித்த அளவு முதுமையைத் தந்திருக்கும்.

சூட்டோடு கூட்டுச் சேர்வது ஆக்சிஜன். அக்கறையுள்ள ஆலைகள் நிரப்பும்போது உள்ளே சிக்கும் ஆக்சிஜனை லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே வைக்கப் பாடுபடுகின்றன. அப்படியும் மூடி வழியாகச் சிறிது சிறிதாக நுழையும். சியெரா நெவாடா ஆலை 2007-இல் திருகு மூடியைக் கைவிட்டு நெம்பித் திறக்கும் மூடிக்கு மாறியதன் காரணமே அதுதான். கையால் திருகும் வசதி போயிற்று, பீர் பிழைத்தது. கேனுக்குள் வெளிக்காற்று இந்த அளவுக்குக்கூட நுழைவதில்லை.

அப்படியானால் கேனில் இருந்த ஹேஸி ஏன் எல்லாவற்றையும்விடக் கேவலமாக ஆயிற்று? அந்தப் பாணியின் பிறவிக் குணம் அது. டிரை ஹாப்பிங் அளவு மிக அதிகம். ஓட்ஸும் கோதுமையும் சேரும். பாலிஃபீனால்களும் புரதங்களும் வடிகட்டப்படாமல் மிதக்கும். ஹாப்ஸிலிருந்து கரைந்து வரும் மாங்கனீஸ் போன்ற உலோகங்கள் ஆக்சிஜனின் வேலையைத் துரிதப்படுத்தும். நிரப்பும்போதே உள்ளே சிக்கிய சிறிதளவு ஆக்சிஜன் போதும். நறுக்கிய வாழைக்காய் கறுப்பது போன்ற காட்சி. வேதியியல் வழி வேறு, கண்ணுக்குத் தெரிவது ஒன்று. கசப்பின் கட்டுக்கோப்பும் குறைவாகையால் மணம் போனபின் தாங்கிப்பிடிக்க அதில் வேறு எதுவும் இல்லை. ஹேஸி ஐ.பி.ஏ.வைக் கீரைக்கட்டு வாங்குவது போல வாங்க வேண்டும். எப்போது குடிக்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகு கடைக்குப் போக வேண்டும்.

வெளிச்சம் படாமல் வைத்தது நல்ல காரியம். ஆனால் அது தடுத்தது வேறொரு நோயை. ஒளி பட்டால் பீரில் உள்ள ரிபோஃப்ளேவின் அந்தச் சக்தியை வாங்கி ஐசோ ஆல்ஃபா அமிலத்தை உடைக்கும். ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை ஒத்த ஒரு தயோல் பிறக்கும். வெள்ளை, பச்சை பாட்டில்களில் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழசானதற்கும் இதற்கும் தொடர்பில்லை. குளிர்ந்த பீர் ஒருமுறை சூடானால் இந்த நாற்றம் வந்துவிடும் என்று சொல்வார்கள், அது கதை. குளிரிலிருந்து சூட்டுக்கு மாறுவது தவறு செய்வதில்லை, சூட்டில் கழித்த மொத்த நேரம்தான் கணக்கு.

கப்பலில் இந்தியாவுக்கு மாதக்கணக்கில் வந்த பீர்தானே ஐ.பி.ஏ., எட்டு மாதம் தாங்காதா என்று நீங்கள் மடக்கக்கூடும். நியாயமான மடக்கு. லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பீரும், பின்னர் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் ஆலையின் பீரும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் வந்து சேர நான்கு முதல் ஆறு மாதம் ஆயிற்று. பீப்பாயில் ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டது கெடாமல் இருக்கத்தான். வந்து சேரும்போது பூ மணம் வீச வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயப் பீப்பாய் பீர்களில் நாளடைவில் ஒரு காட்டு ஈஸ்ட் வேலை செய்தது. கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசன் 1904-இல் அதற்குப் பிரெட்டனோமைசஸ், அதாவது பிரிட்டிஷ் பூஞ்சை, என்று பெயரே வைத்தார். மதராஸ் துறையில் இறங்கியது பக்குவப்பட்ட, அநேகமாக அந்த ஈஸ்ட்டின் வாசனை ஏறிய பீர். நீங்கள் வாங்கியது 1972-இல் வெளிவந்த கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகத்துக்குப் பின், அமெரிக்க ஹாப்ஸின் பழ மணத்தையே மூலதனமாக்கி வளர்ந்த பானம். பெயர் மட்டும் பரம்பரைச் சொத்து.

உங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தில் சான்டா ரோசாவை அடுத்த வின்ட்சரில் காய்ச்சப்படும் பிளினி தி எல்டர் என்ற டபுள் ஐ.பி.ஏ.வின் லேபிளைப் படித்துப் பாருங்கள். குளிரில் வை, புதிதாகக் குடி, முதிரவைக்காதே என்று வாங்குபவரை அதட்டாத குறைதான். ஸ்டோன் ஆலை இன்னும் ஒரு படி மேலே போய், எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டுமோ அதையே பீரின் பெயராக வைத்தது.

முதிரவைக்கத் தகுந்த ஹாப்ஸ் பீரே இல்லையா என்றால், உண்டு. அவற்றில் ஒன்று உங்கள் கராஜிலேயே இருக்கிறது. பிக்ஃபுட் ஒரு பார்லிவைன் (பெயரில்தான் வைன், உண்மையில் வலுவான பீர்), 1983 முதல் காய்ச்சப்படுகிறது, 9.6% ஆல்கஹால். இளமையில் முகத்தில் அறைகிற ஹாப்ஸ். ஆனால் அந்த ஹாப்ஸ் போன பிறகும் அடியில் கனத்த மால்ட் இருக்கிறது. நாளடைவில் அது உலர் திராட்சை, பேரீச்சை, ஷெர்ரி வைன் என்று வேறு திசையில் நடக்கும். இதே ஆக்சிஜனேற்றம்தான்; ஐ.பி.ஏ.வில் குற்றமாகத் தெரிவது இங்கே அலங்காரமாகிவிடுகிறது. பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்துப் பீர் இன்னொரு வழி. டிரை ஹாப்பிங் செய்து, பிரெட்டனோமைசஸையும் சேர்த்தே பாட்டிலில் அடைக்கிறார்கள். ஹாப்ஸ் இறங்க இறங்க ஈஸ்ட் ஏறுகிறது. இளசையும் முதிர்ந்ததையும் அருகருகே ஊற்றிக் குடித்தால் ஒரே பீர் என்று நம்புவது கடினம்.

இனி வாங்கும்போது, கேனின் அடிப்பாகத்தைத் திருப்பி, நிரப்பிய தேதியைப் பாருங்கள். எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டும் என்று மட்டும் இருந்தால் ஆலை எத்தனை மாதம் கணக்கிட்டது என்பது தெரியாது. நிரப்பிய தேதி இருக்கும் பீரையே நான் எடுப்பேன். குளிர்ப்பெட்டியில் இருப்பதை வாங்குங்கள். ஒருமுறை ஒரு கடையில் ஜன்னலோரம் அடுக்கியிருந்த தள்ளுபடி ஐ.பி.ஏ.வை ஒரு பெட்டி அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் எடுத்துப் பார்த்தபோது நிரப்பி ஓராண்டு ஆகியிருந்தது. தொழிலில் இத்தனை காலம் இருந்தும் தள்ளுபடி என்றால் கண் மறைத்துவிடுகிறது. வழக்கமான ஐ.பி.ஏ.வுக்குக் குளிர்ப்பெட்டியில் மூன்று மாதம், ஹேஸிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மாதம் என்பது என் சொந்த வரம்பு. கண்டிப்பானது என்று சிலர் சொல்வார்கள். சந்தேகமிருந்தால் ஒரே தேதியிட்ட மூன்று கேன்களை வாங்கி, ஒன்றைக் குளிர்ப்பெட்டியிலும் ஒன்றைச் சமையலறை அலமாரியிலும் ஒன்றைக் கராஜிலும் வைத்து, ஒரு மாதம் கழித்து மூன்றையும் ஒரே அளவு குளிரவைத்து ஊற்றிப் பாருங்கள். உங்கள் மூக்குக்கு ஏற்ற வரம்பை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மிச்சமிருக்கும் ஹேஸியைக் கொட்டிவிடுங்கள், தயங்க வேண்டாம். டபுள் ஐ.பி.ஏ.வைக் குழம்பு வகையில் ஊற்றிச் சுண்டவைக்காதீர்கள். நீர் வற்ற வற்றக் கசப்பு இறுகும். வெங்காய பஜ்ஜி மாவில் தண்ணீருக்குப் பதிலாகக் கொஞ்சம் ஊற்றினால் மாவு மொறுமொறுப்பாக வரும், கசப்பும் பெரிதாகத் தெரியாது. பிக்ஃபுட்டில் ஒன்றை இந்த வாரமே திறந்து, கோடை அதை எவ்வளவு தூரம் தள்ளிவிட்டது என்று பாருங்கள். நன்றாக இருந்தால் மற்றதைக் கராஜிலிருந்து எடுத்து, வீட்டிலேயே மிகக் குளிர்ந்த, இருண்ட மூலையில் நிற்கவையுங்கள். நண்பர் அடுத்த முறை வரும்வரை அது காத்திருக்கும்.