மார்ச் 20, 2026: சம இரவு நாள் கேள்வி பதில்

சூரியன் உதிப்பதைப் பார்க்கக் காலை 5.45க்குப் பெசன்ட் நகர் கடற்கரை, மறைவதைப் பார்க்க மாலை பரங்கிமலை. வரும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்.

கே: அன்று பகலும் இரவும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம்தானே சார்?

இல்லை. சென்னையில் உதயம் 6.13, அஸ்தமனம் 6.20. பகல் ஏழு நிமிடம் கூடுதல். சூரியனின் மேல் விளிம்பு எட்டிப் பார்த்ததுமே உதயம் என்கிறோம். போதாததற்கு, கீழே கிடக்கும் சூரியனையும் வளிமண்டலம் ஒளியை வளைத்துத் தூக்கிக் காட்டும். சரிசமமான நாள் மார்ச் 11 வாக்கிலேயே போய்விட்டது.

கே: அப்புறம் என்ன விசேஷம்?

திசை. நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறையும். ஒரு மீட்டர் கம்பை மணலில் செங்குத்தாக நட்டு, நிழல் நுனியில் அரை மணிக்கொரு கூழாங்கல் வையுங்கள். கற்கள் கிழக்கு மேற்காக நேர்கோட்டில் நிற்கும். செப்டம்பர் தவிர மற்ற மாதங்களில் வளையும். நடுப்பகல் 12.16க்கு நிழல் 23 செ.மீ. போன வருஷம் நாலாவது கல்லை ஒரு நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. செருப்பை வைத்துச் சமாளித்தோம்.

கே: நிழலே விழாதாமே?

அது சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில்.

கே: எக்ஸ்ரே பிலிம் வழியாகப் பார்க்கலாமா?

கூடாது. கூலிங் கிளாஸும் கூடாது. பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. அட்டையில் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி, பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழவையுங்கள்.

கே: இதுதான் வசந்தத் தொடக்கம் என்றால், சித்திரை 1 ஏன் ஏப்ரல் 14?

நல்ல கேள்வி. சித்திரை 1 என்பது சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாள். ராசிகள் விண்மீன்களோடு கட்டப்பட்டவை. பூமியின் அச்சு பம்பரம்போல் தலையாட்டுவதால், சம இரவுப் புள்ளி ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்வாங்குகிறது. இன்று இடைவெளி சுமார் 24 பாகை, அதாவது சூரியனுக்கு ஏறக்குறைய 24 நாள் பயணம். வானியற்பியலாளர் மேகநாத் சாகா குழுவின் பரிந்துரைப்படி 1957ல் வந்த தேசிய நாட்காட்டி, முதல் மாதமான சைத்திரத்தை மார்ச் 22ல் (லீப் ஆண்டில் 21ல்) தொடங்குவது இதனால்தான்.

கே: அப்போ முன்னோர் கணக்கு தப்பு என்கிறீர்களா?

அப்படி எங்கே சொன்னேன்? அவர்கள் விண்மீனைப் பிடித்தார்கள், சாகா பருவத்தைப் பிடித்தார். இரண்டும் கணக்குதான். சித்திரை 1ல் இரவும் பகலும் சமம் என்று மைக்கில் சொல்பவரிடம்தான் எனக்குச் சண்டை.

கே: தை 1 உத்தராயணமும் இப்படித்தானா?

அதே கதைதான். சூரியன் டிசம்பர் 21, 22லேயே வடக்கே திரும்பிவிடுகிறது. பஞ்சாங்கச் சண்டையைக் கடற்கரையில் தொடரலாம், வேறு கேளுங்கள்.

கே: திருவனந்தபுரத்தில் இருக்கிறேன்.

கொடுத்துவைத்தவர். பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தின் கிழக்கே நில்லுங்கள். மறையும் சூரியன் கோபுர வாசல்களில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவது தெரியும்.

கே: அன்றைக்கு முட்டை செங்குத்தாக நிற்குமா?

பொறுமை இருந்தால் என்றைக்கும் நிற்கும்.

கே: எக்ஸ்ரே பிலிமை ரெண்டா மடித்தால்?

நாலா மடித்தாலும் கூடாது. மேலே சொன்னதைப் படியுங்கள்.

கே: மேகமாக இருந்தால்?

21ஆம் தேதி வாருங்கள். உதயப் புள்ளி 0.4 பாகைதான் வடக்கே நகர்ந்திருக்கும்.